அந்திப் பொழுதும் அரிச்சுவடியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தோற்றுவாய்

பத்துப்பாட்டுள் அளவிற் சிறியது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்ட அப்பாட்டின் தொடக்கத்தில் ஒரு காட்சி அமைந்துள்ளது. கார்காலத்து மாலைப் பொழுது. போர்மேற் சென்ற தலைவன் மீள்வானா என அறிய விரும்பிய முதுபெண்டிர், நெல்லும் மலரும் தூவி வழிபட்டு, நற்சொல் கேட்க நிற்கின்றனர். அவர்தம் செவியில் விழுவது ஓர் ஆய்மகளின் சொல். தாய்ப்பசு மேய்ச்சலிலிருந்து இன்னும் திரும்பாமையால், சிறு கயிற்றிற் கட்டுண்ட கன்று அலமருகிறது. குளிர் தாங்காது தன் தோளைத் தன் கையால் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பெண், தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று கன்றைத் தேற்றுகிறாள். கன்றுக்குச் சொல்லிய அந்தச் சொல்லையே முதுபெண்டிர் நற்சொல்லாக ஏற்றுத் தலைவிக்கு உரைக்கின்றனர்.

முல்லைக்குச் சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். இருத்தலாவது தலைவி ஆற்றியிருத்தல் என்பது உரைமரபு. ஆயினும், மாலையில் காத்திருப்போர் தலைவியர் மட்டும் அல்லர் என்பதைக் கன்றின் வழியே புலவர் காட்டிவிட்டார்.

இன்றும் அந்த மாலை அவ்வாறே வருகிறது. பள்ளி மணி நான்கு மணியளவில் அடிக்கிறது. நடவுக்கும் கட்டட வேலைக்கும் பனியன் ஆலைக்கும் சென்ற தாய் வீடு திரும்ப ஏழு மணியாகிறது. சில நாள் எட்டும் ஆகிறது. இடைப்பட்ட நேரத்தை, வசதியுள்ள வீட்டில் தனிப்பயிற்சியும் பாட்டு வகுப்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. வசதியற்ற வீட்டில் மூத்த பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் குடத்துடன் நிற்கிறாள். பையன் தெருமுனையில் எவர் அழைப்பினும் உடன் செல்லும் நிலையில் இருக்கிறான். இவ்விரு வீட்டுக் குழந்தைகளும் பகலில் ஒரே பாடநூலைப் படித்தவர்களே. அவர்களிடையே இடைவெளி பெருகுவது பெரிதும் மாலையிலேதான். அம்மாலைப் பொழுதில் குழந்தைகளுக்கென ஒரு வகுப்பைத் தொடங்குதலும், தொடங்கியதைத் தொடர்ந்து நடத்துதலுமே இவ்வுரையின் பொருள்.

மேசைக்காலில் கட்டுண்ட குழந்தை

அமெரிக்காவின் சிகாகோ நகரில், தொழிற்சாலைகள் சூழ்ந்த ஏழை மக்கள் குடியிருப்பின் நடுவே, 1889ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்கள் ஒரு பழைய வீட்டில் குடியேறினர். ஹல் ஹவுஸ் என்பது அவ்வீட்டின் பெயர். இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே நெருங்கி வாழ்ந்தன. தாயரும் வேலைக்குச் சென்றனர்.

பின்னாளில், 1910இல் வெளியிட்ட தம் நூலில், அக்குடியிருப்பில் தாம் முதலிற் கண்ட உடல் ஊனமுற்ற குழந்தைகள் மூவரைப் பற்றி ஆடம்ஸ் எழுதுகிறார். தாய் வேலைக்குச் சென்றிருந்த நேரத்தில் ஊறுபட்டவர்கள் அம்மூவரும். ஒரு குழந்தை மாடிச் சாளரத்திலிருந்து விழுந்தது. ஒன்று தீயிற் பட்டது. மூன்றாவது குழந்தையின் முதுகெலும்பு வளைந்துவிட்டது. மூன்றாண்டுக் காலம் நாள்தோறும் அடுக்களை மேசையின் காலில் அது கட்டிவைக்கப்பட்டிருந்ததே காரணம். கட்டியவள் கொடியவள் அல்லள். வேறு வழியறியாத் தாய். முல்லைப்பாட்டின் கன்றை ஒரு சொல்லால் தேற்ற ஆய்மகள் ஒருத்தி இருந்தாள். அந்தக் குழந்தைக்கு அவ்வாறு ஒருவரும் இல்லை.

ஹல் ஹவுஸில் குழந்தைகள் பள்ளியும், பள்ளி விட்டு வரும் சிறுவர் சிறுமியர்க்கான மன்றங்களும், விளையாட்டிடமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1931இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற ஆடம்ஸின் பொதுவாழ்வு, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதவைத் திறந்துவைத்ததிலிருந்து தொடங்கிற்று என்பது கருதத்தக்கது.

மணலில் எழுதிய மாணாக்கன்

பிற நாட்டைச் சுட்டுவதால், இம்மண்ணுக்கு இது புதிது என்று கொள்ளுதல் பிழையாகும். மூத்த மாணாக்கன் இளையவனுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் முறை திண்ணைப் பள்ளிகளில் வழங்கியதே. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் ஆதரவற்றோர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் விடுதியின் ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவன் கற்பித்தான்; இளையோர் கற்றனர். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக அது 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று.

திண்ணைப் பள்ளியின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. அத்திண்ணையில் எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஏற இயலவில்லை. பெண்குழந்தைகளுக்கு இடம் அரிதாகவே கிட்டிற்று. முறையைப் போற்றுவோர், அம்முறை எவரை வாயிலில் நிறுத்திற்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்று மாலை வகுப்புத் தொடங்குவார்க்கு முதல் பாடம் இதுவே.

அறிவொளியும் இல்லம் தேடிய கல்வியும்

1990களின் தொடக்கத்தில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்ற செய்தி நாடறிந்தது. அது வளர்ந்தோர்க்கான இயக்கம். எனினும், ஊதியம் பெறாத தொண்டர்கள் அந்தியில் கூடிக் கற்பிக்க இயலும் என்பதையும், கலைக்குழுவின் பாட்டும் நாடகமும் ஓர் ஊரைத் திரட்டும் என்பதையும் அது காட்டிச் சென்றது.

அந்தப் பாடம் முப்பதாண்டு கழித்துப் பயன்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எழுத்தைக் காணாத குழந்தைகள் இலட்சக்கணக்கினர். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் 12 மாவட்டங்கள்; பின்னர் மாநிலம் முழுவதும். மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஏறத்தாழ 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்கநிலைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பும், ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கப் பட்டப்படிப்பும் தகுதியாக வைக்கப்பட்டன. மதிப்பூதியம் திங்களுக்கு 1,000 ரூபாய். தன்னார்வலர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். பலர் அந்தந்தத் தெருவிலேயே வாழ்பவர்கள்.

இதன் பயனைப் புகழ்மொழியால் அளக்க வேண்டியதில்லை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள், தமிழகக் கிராமப்புறக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து ஆய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்கள் கணிப்பு. இழப்பு ஏழைக் குழந்தைகளிடம் மிகுதியாக இருந்தது. மீட்சியும் அவர்களிடமே மிகுந்தது. எஞ்சிய பங்கு பள்ளியாலும் பிறவற்றாலும் வந்தது என்பதையும் மனங்கொள்ள வேண்டும். மாலை வகுப்பு பள்ளிக்குத் துணை. பள்ளிக்கு மாற்று அன்று.

வாராத குழந்தைகள்

தொடங்கினால் போதும், குழந்தைகள் தாமே வருவர் என்னும் நம்பிக்கைக்கு மாறான சான்றும் உண்டு. உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்பூர் மாவட்டத்தில், பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் ஊர் இளைஞர்களைப் பயிற்றிப் பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம்களை நடத்தியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் அதனை ஆய்ந்து 2010இல் வெளியிட்டனர். முகாமுக்கு வந்த குழந்தைகளின் வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்தது. ஆனால், அவ்வூர்களின் குழந்தைகளுள் வந்தவர்கள் 8 விழுக்காட்டினரே.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மாலை வகுப்பு கற்பிக்க வல்லது. எவர் வருகிறார் என்பதே வினா. கதவைத் திறந்து வைத்திருந்தால் முன்னரே ஓரளவு படிக்க வல்ல பிள்ளைகள் முந்தி வருவர். அரிச்சுவடி தெரியாமல் ஐந்தாம் வகுப்பை எட்டிய பிள்ளை நாணத்தால் வராது. தம்பியைச் சுமக்கும் பெண் நேரமின்மையால் வாராள். அவர்களுக்காகவே தொடங்கிய வகுப்பு அவர்கள் இன்றியே நிறைந்துவிடலாம். வருகைப் பதிவேட்டில் வந்தவர் பெயரைக் காட்டிலும், தெருவில் இருந்தும் வாராதவர் பெயரே முதன்மையானது. வாரம் ஒருநாள் அப்பெயர்களோடு வீடுவீடாகச் செல்லாத மாலை வகுப்பு, அரையளவே நடைபெறுகிறது எனலாம். தம்பியையும் அழைத்து வரலாம் என்ற ஒரு சொல்லே அப்பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடும்.

இடமும் பசியும் இருளும்

தொடங்குவார் முதலில் தேடுவது இடம். கோயில் மண்டபம் எளிதாகக் கிடைக்கும்; ஆயின் எல்லாக் குழந்தைகளும் தயக்கமின்றி உள்ளே வருவார்களா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஊரின் நடுவே வகுப்பு வைத்தால் காலனிப் பிள்ளைகள் வாசலோடு நிற்பர். காலனியில் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளை வீட்டார் விடார். அவரவர் குடியிருப்பிலேயே வகுப்பு அமைந்தால் வருகை பெருகும். குறிப்பாகப் பெண்குழந்தைகள் வருவர். ஆனால் ஊரின் பிளவு அரிச்சுவடிக்குள்ளும் நுழைந்துவிடும். இச்சிக்கலுக்கு எளிய தீர்வு இல்லை. நாள்தோறும் அருகிலேயே வகுப்பு, வாரம் ஒரு முறையேனும் அரசுப் பள்ளித் திடலில் எல்லாப் பிள்ளைகளும் கூடிக் கதையும் ஆட்டமும் என்று அமைத்தல் ஒரு நடுவழி. அக்கூட்டத்தை நடத்துதல் கடினம். எனினும், திண்ணைப் பள்ளி செய்யத் தவறியதைச் செய்ய வேண்டுமாயின் அதைத் தவிர்த்தல் இயலாது.

அடுத்தது பசி. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியதும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்ததும், 2022இல் காலை உணவு தொடங்கியதும் தமிழகம் அறிந்த வரலாறு. பசித்த வயிறு படிக்காது என்பதை இம்மாநிலம் மும்முறை சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்து ஒப்புக்கொண்டுள்ளது. நண்பகலில் உண்ட குழந்தைக்கு ஐந்து மணிக்குப் பசிக்கும். ஒரு கைப்பிடிச் சுண்டலோ வேர்க்கடலையோ இருப்பின் வகுப்பின் முகமே வேறாகும்.

மூன்றாவது இருள். ஆறரை மணிக்கு வகுப்பு முடிந்தால் சிறுமியர் எவ்வாறு வீடு செல்வர் என்பது முதல் நாளே முடிவு செய்யப்பட வேண்டும். தெருவாரியாகச் சேர்ந்து செல்லுதல், பெரியவர் ஒருவர் உடன் செல்லுதல் என்று ஒழுங்கு வேண்டும். வகுப்பில் எந்நேரமும் பெரியோர் இருவர் இருத்தல் நலம். மறைவான அறை கூடாது. சிறார்க்கான உதவி எண் 1098 என்பதைக் குழந்தைகளே அறிந்திருக்கச் செய்தல் வேண்டும். அடித்தல் அறவே கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியிலேயே அதனை விலக்கிவிட்டது. பகலில் இல்லாத பிரம்புக்கு மாலையில் என்ன வேலை?

கொம்பும் காலும்

கற்பிக்கும் முறைக்கு வருவோர் முதலில் நீக்க வேண்டியது வகுப்பு வரிசை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே நிலையில் இருக்கலாம். ஒரு சிறு கதையைப் படிக்கச் சொல்லி, எழுத்தறியாதார், எழுத்தறிந்தும் சொல் கூட்ட அறியாதார், சொல் கூட்டியும் தொடர் படிக்க இயலாதார் எனக் குழுவாக்கிக்கொள்ளலாம். குழுவுக்கு 'முதல்', 'கடை' எனப் பெயரிடாமல் முல்லை, மருதம் என்று பெயரிட்டால் நாணத்துக்கு இடமிராது.

தமிழ் எழுத்து 247 என்று சொல்லி அச்சுறுத்துதல் தேவையற்றது. குழந்தை தடுமாறும் இடங்கள் சிலவே. 'கெ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒலியோ பின்னே வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வோர் உருவையும் ஒலித்துப் பழகிய குழந்தைக்கு இது புதிர். 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நின்று மெய்யை நடுவில் வைத்துக்கொள்கின்றன. 'கௌ' என்பதன் இறுதியில் நிற்பது 'ள' போலவே தோன்றுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் இதை ஒருமுறை சொல்லிக் கடந்துவிடுகிறார். தடுமாறிய பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது; வகுப்பு மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. மாலையில் அருகமர்ந்து, அட்டையில் கொம்பை நகர்த்திக் காட்டினால், ஓரிரு வாரத்தில் அம்முடிச்சு அவிழ்வதைக் காணலாம்.

மற்றொரு முடிச்சு மொழிநடை. குழந்தை 'வந்துச்சு' என்கிறது. நூல் 'வந்தது' என்கிறது. குழந்தையின் சொல்லைப் பிழை என்று அடித்துத் திருத்தினால், தன் தாயின் மொழியே பிழை என்று அது கொள்ளும். முதலில் குழந்தை தன் சொல்லில் கதை சொல்லட்டும். அதனை அவ்வாறே எழுதிக் காட்டட்டும். பின்னர் நூலில் அச்சொல் அணியும் உடை இது என்று காட்டலாம். தொல்காப்பியர் வழக்கும் செய்யுளும் என்று இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணியவர். இரண்டையும் மதித்தல் தமிழ் மரபே.

பள்ளிப் பாடத்தை மீண்டும் நடத்தும் இடமாக மாலை வகுப்பு மாறிவிடலாகாது. வீட்டுப்பாடத்துக்குச் சிறிது நேரம். வாசிப்புக்குச் சிறிது நேரம். எஞ்சியது கதைக்கும் பாட்டுக்கும் பாண்டி ஆட்டத்துக்கும் உரியது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிட்டு வந்த 'துளிர்' போன்ற சிறுவர் இதழ்களும், ஒரு பெட்டி நிறையப் படக்கதை நூல்களும் இருத்தல் வேண்டும். நூல் கிழியும் என்று பூட்டி வைப்பதைக் காட்டிலும், படித்துக் கிழிதலே நன்று.

நடத்துவோர் நிலை

வகுப்புகள் பல ஓராண்டில் நின்றுவிடுவதன் காரணம், நடத்துவோரின் களைப்பு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் கற்பிக்கும் ஒருவருக்குத் திங்களுக்கு 1,000 ரூபாய் எனில், மணிக்கு 40 ரூபாய்க்கும் குறைவு. கற்பிப்பவர் பெண் என்பதால் அது தாய்மை என்றும் தொண்டு என்றும் போற்றப்படுகிறது. போற்றுதல் கூலியாகாது. அப்பெண்ணும் பகலில் வேறு வேலை பார்த்து, அந்தியில் தன் அடுப்பை விட்டு வருபவள். அவள் பிள்ளையும் அதே பாயில் அமர்ந்திருக்கிறது.

ஆகவே, மாலை வகுப்பைத் தனியொருவர் தோளில் ஏற்றுதல் தவறு. ஒரு வகுப்புக்கு மூவரேனும் முறைவைத்து வருதல் வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர் இளையோர்க்குப் படித்துக் காட்டலாம். எழும்பூரின் எட்டு வயதுச் சிறுவன் அதற்குச் சான்று. பள்ளி ஆசிரியரோடு திங்களுக்கு ஒருமுறை பேசுதல் வேண்டும். இல்லையேல் பகலும் மாலையும் ஒன்றையொன்று குறை கூறும். வரவு செலவைப் பெற்றோர் முன் படித்துக் காட்டுதல் வேண்டும். குறைந்த குழந்தைகளோடு பத்தாண்டு நடக்கும் வகுப்பு, நிறைந்த விழாவோடு பத்து வாரம் நடக்கும் வகுப்பினும் மேலானது.

நிறைவுரை

சிகாகோவின் அவ்வில்லத்தில் முதலில் நடந்த பணிகளைப் பற்றி ஆடம்ஸ் குறிப்பிடும்போது, குழந்தைகள் பள்ளியோடு, இளம்பெண்கள் கூடி ஜார்ஜ் எலியட்டின் நாவலொன்றைப் படித்துக் கேட்ட வாசிப்பு வட்டத்தையும் சொல்கிறார். இலக்கிய வட்டமும் குழந்தை வகுப்பும் ஒரே வீட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. அவற்றிடையே உறவு உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

பத்தாண்டு நிறைவு செய்த இவ்வட்டத்தின் கூட்டங்களும் மாலையிலேயே நடைபெறுகின்றன. கூட்டம் நடக்கும் அதே பொழுதில், அரங்கின் மதிலுக்கு அப்பால் ஒரு குழந்தை காத்திருக்கிறது. இவ்வட்டம் போற்றும் நூல்களை ஐம்பதாம் ஆண்டில் படிக்க வேண்டியவர், ஒற்றைக்கொம்பின் முன் இன்று நின்றுகொண்டிருக்கும் அப்பிள்ளையே. உறுப்பினர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலையைத் தந்தால், இருபது குழந்தைகளின் பாய் ஒன்று விரியும், அவ்வளவே வேண்டுவது.

ஆய்மகள் கன்றை அவிழ்த்துவிடவில்லை. தாய்ப்பசுவைக் கொண்டுவரவும் இல்லை. அவள் செய்தது, குளிரில் தானும் உடன் நின்று ஒரு சொல் சொன்னது. அச்சொல்லில் ஊர் நன்மை கண்டது. தாயர் வரும்வரை பிள்ளைகளோடு அமர்ந்திருப்போர்க்கும் அதுவே பணி.